அஞ்சலைக்கு மஞ்சள் தடவியவர்கள்

போன வாரம் பக்கத்துத் தெருக்காரர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். வாங்கியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? மாப்பிள்ளை யார், மண்டபம் எது என்று பார்க்கவில்லை. பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அட்டை மட்டமா, உசத்தியா என்று எடைபோடுகிறேன் என நினைத்திருப்பார், பாவம். பின்பக்கத்திலும் பளபளவென்று படம். பொண்ணும் மாப்பிள்ளையும் ஏதோ கடற்கரையில் கைகோத்து ஓடுகிறார்கள். ஒரு வரி எழுத இடமில்லை. மூலையில் மட்டும் பழைய வழக்கப்படி மஞ்சள். அதை மோந்து பார்த்தேனோ இல்லையோ, கலியமூர்த்தி மேல் உள்ள ஆத்திரம் குபீரென்று கிளம்பிவிட்டது. மஞ்சள் வாசனைக்குக் கோபம் வருகிற பொம்பளை இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அப்போது ஒரு சின்ன அச்சகம் இருந்தது. படித்து முடித்த கையோடு அங்கேதான் வேலைக்குச் சேர்ந்தேன். கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை அடிப்பது என் வேலை. வரதராஜன்பேட்டையிலிருந்து வந்த ஸ்டெல்லா படம் போடுவாள். நம்ம வீட்டுக் கல்யாணத்துக்குப் பிள்ளையார், அவளைப் போல வேதக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் புறா. உடையார்பாளையத்துக் கலியமூர்த்தி பிழை திருத்துவான். அவன் கையெழுத்து அவ்வளவு அழகு. உறை மேல் விலாசம் எழுதித் தரச் சொல்லி ஆட்கள் அவனைத் தேடி வருவார்கள். அவர்கள் இரண்டு பேரையும்விட நான் ஒன்றிரண்டு வயது மூத்தவள் என்பதால் இருவருக்கும் அக்கா.

பிழை திருத்த ஆள் இருந்தும் பிழை வராமல் இருக்குமா? ஒரு தடவை பொண்ணு பெயருக்குப் பதிலாக அவள் தங்கச்சி பெயரை அடித்துத் தொலைத்தேன். கலியமூர்த்தியும் கவனிக்கவில்லை, மொத்தமும் அச்சாகிவிட்டது. அந்தப் பொண்ணோட அப்பா பத்திரிகைக் கட்டோடு வந்து நின்றார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டு வேறு அச்சடித்துக் கொடுத்தார். வீணாய்ப்போன கார்டுகளை எங்களிடம் தள்ளிவிட்டு, இதுலயாவது எதையாவது எழுதித் தொலைங்க என்றார்.

எழுதினோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்காருவோம். கார்டின் வெள்ளைப் பின்பக்கத்தில் ஆளுக்கொரு ஆளை உண்டாக்குவோம். பாடாலூரில் பஸ்ஸை விட்டுவிட்டு டீக்கடையிலேயே குடித்தனம் நடத்துகிற வாத்தியார். சிமெண்ட் லாரி கிளப்புகிற தூசியில் தினமும் தலை நரைத்து, குளித்ததும் இளமையாகிற அரியலூர் கண்டக்டர். கதை தோன்றினால் கதை, முகம் தோன்றினால் படம். எழுதி முடித்ததும் மூலையில் மஞ்சள் தடவி ஓர் அட்டைப்பெட்டிக்குள் போடுவோம். புது ஆள் வந்தாச்சு என்று அர்த்தம். வேண்டியவர் வேண்டிய ஆளை எடுத்துக் கதை எழுதலாம், படம் போடலாம், கல்யாணம் பண்ணி வைக்கலாம், சாகடிக்கக்கூடச் செய்யலாம். எடுத்ததற்கு அடையாளமாக ஒரு மூலையை மடித்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். யாரும் பெயர் எழுதக் கூடாது.

அந்தப் பெட்டி மூடியின் உள்பக்கம் கலியமூர்த்திதான் தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி வைத்தான்: 'போட்டவர் பெயர் போடக் கூடாது. எடுப்பவர் கேட்க வேண்டாம். என்னுடையது என்று யாரும் எப்போதும் சொல்லக் கூடாது.' அந்த 'எப்போதும்' என்பதை அவனாகவே சேர்த்தான். அதைப் படித்துவிட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. எத்தனை ஏமாளி பாருங்கள்.

அந்தப் பெட்டிக்குள் பிறந்தவள்தான் அஞ்சலை. ஆண்டிமடத்து முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்குகிறவள். சேலைக்கு மேல் புருஷனுடைய காக்கிச் சட்டை. யாராவது பொய் சொன்னால் அவள் மூக்குக்கு முந்திரி ஓடு கருகுகிற வாடை அடிக்கும். அந்தப் புகை பட்டிருந்தால் உங்களுக்குத் தெரியும், கண் எரிந்து தொண்டை கமறும். அஞ்சலைக்கு எதிரில் நின்று பொய் சொன்னால் அவள் இருமுவாள். தாசில்தார் பேசினாலும் இருமுவாள், கட்டின புருஷன் பேசினாலும் இருமுவாள். நாங்கள் மூன்று பேரும் வேறு வேறு கார்டுகளில் மாற்றி மாற்றி அவள் கதையை எழுதினோம். அவள் கார்டில் மடிக்காத மூலையே கிடையாது.

அப்புறம் ஆளுக்கொரு திசை. எனக்குக் கல்யாணமாகி, பிறகு சொந்தமாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்தேன். ஸ்டெல்லா அவள் ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். கலியமூர்த்தி சென்னைக்குப் போனான். அச்சகம் மூடுகிற அன்றைக்குப் பெட்டியை நான் வீட்டுக்குத் தூக்கி வந்து பரணில் போட்டேன்.

வருஷங்கள் கழித்து அஞ்சலையைக் கடையில் பார்த்தேன். குழந்தைகள் புத்தகம், வரிசையாக ஆறு. அட்டையில் கொட்டை எழுத்தில் கலியமூர்த்தி பெயர். பெட்டியில் இருந்து எடுத்ததற்கு நான் கோபப்படவில்லை, சத்தியமாக. எடுக்கத்தானே போட்டோம். காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு அவளுக்கு ரோஸ் கலர் கவுன் மாட்டியிருந்தான், அதற்கு மட்டும் கொஞ்சம் வயிறு எரிந்தது.

ஆனால் ஸ்டெல்லாவுக்குச் செய்ததை மன்னிக்க முடியாது. அவள் தன் வகுப்புச் சுவரில் அஞ்சலையை வரைந்திருந்தாள், அதே காக்கிச் சட்டையோடு. பிள்ளைகள் பொய் சொன்னால் சுவரைப் பார்த்துத் தாங்களே இருமிக்கொள்ளுமாம். யாரோ அதைப் போனில் படமெடுத்துப் போட, அது சுற்றிச் சுற்றிச் சென்னைக்குப் போய்விட்டது. வந்தது வக்கீல் நோட்டீஸ். இந்தப் பாத்திரம் எங்கள் கட்சிக்காரரின் சொந்தக் கற்பனை, உடனே அழிக்க வேண்டும் என்று. பள்ளிக்கூடத்தில் பயந்துவிட்டார்கள். ஸ்டெல்லா தன் கையாலேயே சுண்ணாம்பு அடித்து அழித்தாள். அதற்குப் பிறகு அவள் சொந்தமாக ஒரு கோடு போடவில்லை. பிள்ளைகளுக்குப் பானையும் இலையும் மட்டும் சொல்லிக்கொடுத்தாள். நான் பார்க்கப் போனபோது, "விடுங்கக்கா, அவன் போட்ட ஆளாவே இருந்துட்டுப் போவட்டும்" என்றாள்.

நான் விடுகிற ஆளா? பரணில் ஏறினேன். பெட்டியை இறக்கிக் கார்டைத் தேடி எடுத்தேன். முன்பக்கம் அந்தத் தங்கச்சி பெயர், பின்பக்கம் அஞ்சலை. இங்கேதான் எனக்கு ஒரு குட்டு விழுந்தது. பொய்யை மோப்பம் பிடிக்கிற யோசனை என்னுடையது என்று இத்தனை வருஷமாக என் பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். கார்டில் அது ஸ்டெல்லா கையெழுத்தில் இருந்தது. படம் அவளுடையது, சட்டையும் அவளுடையது. 'ஆண்டிமடம், முந்திரிக்காடு, பெயர் அஞ்சலை' என்ற முதல் வரி கலியமூர்த்தியுடையது. என் கையெழுத்து எங்கேயும் இல்லை. மூலையில் மஞ்சள் தடவியது வேண்டுமானால் நானாக இருக்கலாம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஆத்திரம் ஒரு துளி குறையவில்லை, இன்னும் ஏறியது. அவள் பெற்ற பிள்ளை மேல் அவள் கையாலேயே சுண்ணாம்பு பூச வைத்திருக்கிறானே!

அரியலூரில் புத்தகக் கண்காட்சி போட்டிருந்தார்கள். மண்ணின் மைந்தர் என்று கலியமூர்த்தியை மேடைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார் என்று அறிவிப்பு. நான் முதல் நாளே என் கடை மிஷினில் வேலையை முடித்துவிட்டேன். ஒரு தாளின் மேல்பாதியில் பெட்டி மூடியில் அவன் எழுதிய மூன்று வரி, கீழ்பாதியில் ஸ்டெல்லா போட்ட அஞ்சலை, அடியில் கையெழுத்துக்குக் காலியிடம். ஒரு கட்டுத் தாள்.

புத்தகம் வாங்க முடியாத பிள்ளைகள் வெறும் நோட்டோடு வரிசையில் நின்றன. ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, அடியில் வாங்கிக்கோங்க கண்ணுங்களா என்றேன். அவன் பக்கத்தில் இருந்த பிரமுகரோடு சிரித்துப் பேசிக்கொண்டே கை ஓட ஓடப் போட்டுத் தள்ளினான். ஒவ்வொரு பிள்ளையாகத் தாளோடு திரும்பி வரும்போது எனக்கு உள்ளுக்குள் தித்தித்தது. மறைத்துப் பேசவில்லை, அப்படித்தான் இருந்தது. கடைசியாக நானும் ஒரு தாளோடு போய் நின்றேன்.

பேனாவை வைத்தவன் நிமிர்ந்தான். மறுபடி குனிந்து தாளைப் படித்தான். காது வரை சிவந்துவிட்டது.

"அக்கா... இத எங்க வச்சிருந்தீங்க?"

"பரண்ல. கையெழுத்துப் போடுங்க சார்."

அந்த 'சார்' என்பதற்காகத்தான் நான் அத்தனை தூரம் பஸ் ஏறிப் போனேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் லேசாக இருமினேன். அவ்வளவுதான், குனிந்து போட்டுக் கொடுத்தான். அந்த முத்து எழுத்து இப்போது கோணிப் போயிருந்தது.

அதெல்லாம் வக்கீல் நோட்டீசுக்குப் பதிலாகுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தாள் அரியலூர், பெரம்பலூர் முழுக்கப் போனுக்குப் போன் பறந்தது, சென்னையிலிருந்து அதற்கப்புறம் ஒரு கடுதாசியும் வரவில்லை. ஸ்டெல்லாவிடம் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் கையெழுத்தை அவள் பார்க்கவே இல்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூக்கு கொஞ்சம் சின்னதாப் போயிடுச்சுக்கா என்றாள். அந்த மாசமே சுவரில் சரியான மூக்கோடு அஞ்சலை வந்துவிட்டாள்.

சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். பெட்டியைப் பரணில் ஏற்றுவதற்கு முன், நாமும் ஒரு புது ஆளைப் போட்டால் என்ன என்று தோன்றியது. பெட்டியின் அடியில் வெள்ளைப் பின்பக்கத்தோடு இன்னும் நாலைந்து கார்டு மிச்சமிருந்தது. ஒன்றை எடுத்து எழுதினேன். நல்ல ஆள், ஸ்டெல்லாவுக்குப் பிடிக்கும். எழுதி முடித்து மஞ்சள் தடவக் கார்டைக் கையில் எடுத்தபோதுதான் கவனித்தேன். அடியில் என் பெயரை எழுதி, தேதியும் போட்டிருந்தேன்.