அஜீஸுன்னிசா தேடிய கரை

தை மாதத்தில் ஒரு காலை. வத்தலகுண்டு பேருந்து நிலையத்துக்குள் வண்டியைத் திருப்பி நிறுத்தி, பிரேக் போட்டு, எஞ்சினையும் அணைத்த பிறகுதான் நைனா முகமதுவுக்கு வலது கை விழுந்தது. பயணிகள் எல்லாரும் இறங்கிப் போயிருந்தார்கள். டிரைவர் மட்டும் இறங்காததைப் பார்த்துக் கண்டக்டர் கிட்டே போனபோது நைனாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. சேவுகம்பட்டி வழியாகப் போகும் தனியார் பேருந்தை இருபத்தெட்டு வருடம் ஓட்டியவர்.

அவர் மனைவி அஜீஸுன்னிசா. திண்டுக்கல் பேகம்பூர்ச் சந்து ஒன்றில், வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பெண்களுக்கு உடுப்பு தைப்பவர். யாரையும் ஒருமுறை பார்த்தால் போதும், எந்தத் தோள் இறங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் அரை அங்குலம் கூடுதலாக விட வேண்டும் என்று கண்ணாலேயே அளந்துவிடுவார். பிறந்ததும் அதே பேகம்பூர்தான். ஐம்பத்தொரு வயதுவரை கடைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கல்யாண வீட்டுக்கு என்று நடந்திருக்கிறாரே தவிர, நடப்பதற்காக என்று எங்கும் நடந்ததில்லை.

நாலு மாதத்தில் நைனா ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்தார். பேச்சும் முக்கால்வாசி திரும்பிவிட்டது. ஆனால் வாசல்படியை விட்டு இறங்க மாட்டேன் என்றார். சந்து முழுக்கச் சாக்கடை மூடிய பலகைக்கற்கள், ஒன்றுக்கொன்று மட்டம் இல்லை. அதைவிடப் பெரிய தொல்லை, வீட்டுக்கு வீடு நிறுத்தி, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கும் ஆட்கள். இரண்டு முறை போய் வந்தவர் மூன்றாவது முறை கோலை மூலையில் சாத்திவிட்டார்.

வாரம் இரண்டு நாள் வந்து கை கால் பயிற்சி கொடுக்கும் நர்ஸ் புஷ்பமேரி, ஒருநாள் அஜீஸுன்னிசாவைச் சமையலறைக்கு அழைத்துப் போய்ச் சொன்னார்.

“அக்கா, வீட்டுக்குள்ள தரையில நடந்தது போதும். இனிமே மண்ணுல நடக்கணும். மேடு பள்ளம் இல்லாம, வண்டி வராம, நெழலா ஒரு எடம். ஒரு கிலோமீட்டர் இருந்தா நல்லது. இல்லைன்னா அந்தக் கால் இம்புட்டோட நின்னுரும்.”

அப்படி ஓர் இடம் திண்டுக்கல்லில் எங்கே இருக்கிறது என்று இருவருக்கும் தெரியவில்லை. பூங்காவுக்குப் போனால் தெரிந்தவர்கள் வருவார்கள், நைனா வர மாட்டார். அன்று சாயங்காலம் அஜீஸுன்னிசா பேச்சோடு பேச்சாக, வண்டி ஓட்டும்போது இறங்கிப் பார்க்க ஆசைப்பட்ட இடம் ஏதாவது உண்டா என்று கணவரிடம் கேட்டார். அவர் மூன்று இடம் சொன்னார். கொடைரோடு பக்கம் மலையடிவாரத்தில் ஓர் ஊற்று இருப்பதாகப் பயணிகள் சொல்லிக் கேட்டிருக்கிறார். அகரம் பக்கம் ஆற்றோரமாகக் கொக்கு கூட்டமாக இறங்கும். பிறகு சேவுகம்பட்டி தாண்டி ஒரு திருப்பத்தில், தென்னந்தோப்புக்குப் பின்னால், சித்திரை வெயிலிலும் பச்சையாக ஓரிடம் தெரியும். அங்கே என்ன தண்ணீர் இருக்கிறது என்று வண்டி ஓட்டிய நாள்வரை அவருக்குத் தெரிந்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த புஷ்பமேரியின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டார் அஜீஸுன்னிசா. கணவரிடம் துணி வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தார்.

கொடைரோட்டு ஊற்று அழகாகத்தான் இருந்தது. பாறை இடுக்கிலிருந்து விரல் பருமனுக்குத் தண்ணீர் வந்து, குழந்தை குளிக்கிற அளவு குழியில் விழுந்தது. ஆனால் அதற்குப் போக வழுக்குப் பாறையில் எண்பது அடி ஏற வேண்டியிருந்தது. இருவரும் முகம் கழுவிக்கொண்டு திரும்பினார்கள். அதற்கு அடுத்த ஞாயிறு அகரம். ஆற்றோரச் சதுப்பில் கோரை ஆள் உயரம் நின்றது, நடுவில் ஒற்றையடிப் பாதையும் தெரிந்தது. பாதை என்று நம்பி வைத்த கால் முழங்கால்வரை சேற்றில் இறங்கியது. புஷ்பமேரி கையைப் பிடித்து இழுக்க, கால் வந்தது, செருப்பு வரவில்லை. அன்று ஒற்றைச் செருப்போடு பேகம்பூர் வந்து சேர்ந்தபோது, துணிக்கடையில் என்ன தள்ளுமுள்ளா என்று நைனா கேட்டார். அஜீஸுன்னிசா நேரே காலைக் கழுவப் போய்விட்டார்.

மூன்றாவதாகத்தான் சேவுகம்பட்டித் திருப்பம். தோப்பு ஓரமாக வண்டித்தடத்தில் போனால் மண்ணுக்குள்ளிருந்தே ஓர் ஊற்று. குனிந்து பார்த்தால் அடியில் மணல் கொதிக்கிற சோறு மாதிரி எழுந்து எழுந்து அமுங்கியது. அது நிரம்பி வழிந்து ஒரு குளமாகத் தேங்கியிருந்தது. குளத்தில் பாதி சம்பம்புல், மீதி ஆம்பல். சுற்றிலும் மாட்டுவண்டி போகிற அகலத்துக்குக் கரை. கரை நெடுக மருதமும் புங்கையும் நின்றன. தாழைக்கோழி ஒன்று குஞ்சுகளோடு ஆம்பல் இலைமேல் நடந்து போனது. அஜீஸுன்னிசா கரையைச் சுற்றி எண்ணிக்கொண்டே நடந்தார். ஆயிரத்து நானூறு காலடி வந்தது, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர்.

“இங்க கூட்டிட்டு வரலாம் மேரி,” என்றார்.

ஆனால் தன் கால் நடந்தது வேறு, கணவர் கால் நடப்பது வேறு என்று அவருக்குத் தெரியும். மறு வாரம் தனியாகப் பேருந்தில் வந்தார். கையில் கணவரின் பழைய ஊன்றுகோல் ஒன்றும், பையில் ஒரு துண்டும், தைத்து மிஞ்சிய சிவப்பு வெட்டுத்துணி கொஞ்சமும் இருந்தன. வலது முழங்கால் மடங்காதபடி துண்டை இறுக்கிச் சுற்றிக் கட்டினார். கோலை ஊன்றி, நைனா நடப்பது போலவே காலைப் பக்கவாட்டில் வீசி வீசி நடந்தார். எங்கே மூச்சு வாங்கியதோ, எங்கே இடுப்பு வலித்ததோ, அங்கே மரக்கிளையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். ஆறு இடத்தில் துணி கட்ட வேண்டியிருந்தது. தடம் பெரும்பாலும் நல்லதுதான். ஒரே ஓர் இடத்தில் குளத்து மிகைநீர் வயலுக்கு இறங்கக் கரையை வெட்டிவிட்டிருந்தார்கள். இரண்டடி அகலம். மற்றவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். கட்டிய காலோடு அவரால் தாண்ட முடியவில்லை. திரும்பி வந்த வழியே போனார்.

இதையெல்லாம் எதிர்க்கரை வாழைக்குள்ளிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லுசாமி. தோப்பும் வயலும் அவருடையவை, அந்த வெட்டும் அவர் வெட்டியதுதான். கால் ஊனமான ஓர் அம்மா தனியாக வந்து கரையைச் சுற்ற முயன்று, வெட்டருகே நின்று திரும்பிப் போனது அவர் மனதை என்னவோ செய்தது. அந்த வாரமே ஒரு பனந்துண்டைப் பிளந்து குறுக்கே போட்டார்.

மறு வாரம் அஜீஸுன்னிசா வந்தபோது வெட்டின் மேல் பனந்துண்டு கிடந்தது. நல்லுசாமி கரைமேலேயே நின்றார். மெதுவாக வரும்படி சொல்லிக் கை நீட்டினார். அஜீஸுன்னிசா அன்று காலில் துண்டு கட்டியிருக்கவில்லை. விறுவிறுவென்று நடந்து வந்து நின்றவரைப் பார்த்து நல்லுசாமிக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஏம்மா, போன வாரம் கால் வராம நடந்தது நீங்கதான?”

“நாந்தாங்க. கால் எனக்கு நல்லாத்தான் இருக்கு. முடியாதது எங்க வீட்டுக்காரருக்கு. அவர் நடந்தா எப்படி இருக்கும்னு நடந்து பாத்தேன்.”

நல்லுசாமி சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்காகச் சங்கடப்பட்டார். பனந்துண்டு போதாது, கோல் ஊன்ற இடமில்லை, மழையில் வழுக்கும் என்று அஜீஸுன்னிசா கூச்சப்படாமல் சொன்னார். அதை அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் யோசித்தார். போன வருடம் ஒரு கும்பல் வந்து குடித்துவிட்டுப் பாட்டிலை ஊற்றிலேயே உடைத்துப் போட்டது, கண்ணாடியைப் பொறுக்க மூன்று நாள் ஆனது என்றார். ஆட்கள் வர ஆரம்பித்தால் அதுவும் கூடவே வரும் என்பது அவர் பயம்.

“கன்னுக்குட்டி மேயுது, அதனால தோப்பு வாசல் மூங்கில் படலைச் சாத்திட்டுப் போகணும். ஊத்துல கால் வைக்கக் கூடாது, அது நாங்க குடிக்கிற தண்ணி. இந்த ரெண்டு மட்டும் செஞ்சா, எத்தனை நாள் வேணும்னாலும் வாங்க.”

அவர் சொன்ன அந்த இரண்டையும் அஜீஸுன்னிசா ஒப்புக்கொண்டார். பத்து நாளில், பழைய கிணற்றடியில் கிடந்த துவைகல்லை டிராக்டரில் இழுத்து வந்து வெட்டின்மேல் போட்டிருந்தார் நல்லுசாமி. சிவப்புத் துணி கட்டிய மரங்களில் நாலுக்கு அடியில் உட்கார மரக்கட்டையும் வந்திருந்தது. மீதி இரண்டுக்கு அஜீஸுன்னிசாவும் புஷ்பமேரியும் சேர்ந்து கல் அடுக்கினார்கள்.

நைனாவைக் கிளப்புவதுதான் கடைசி வேலை. ஆட்டோவில் வர மாட்டேன் என்றார். ஊர் பார்க்கும். பேருந்து என்றதும், எத்தனை மணி வண்டி என்று கேட்டார். ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை, காலைக் கூட்டம் ஓய்ந்த பிறகு, தான் ஓட்டிய தடத்து வண்டியிலேயே பயணியாக ஏறி, டிரைவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தார். புது டிரைவர் யாரோ. செம்பட்டி தாண்டியதும் அஜீஸுன்னிசா கவனித்தார். ஒவ்வொரு வளைவிலும் நைனாவின் வலது பாதம் தரையை அழுத்தியது. வீட்டில் எத்தனை முறை சொன்னாலும் அசையாத பாதம் தானாகப் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால் நின்றுவிடுமோ என்று பயந்து அஜீஸுன்னிசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படலைத் தாண்டி ஊற்றருகே வந்ததும் நைனா கோலில் சாய்ந்து குனிந்து தண்ணீரைப் பார்த்தார்.

“இதுவா அது,” என்றார். “இம்புட்டுப் பக்கத்துலயா இருந்துச்சு?”

அன்று இரண்டாவது கட்டைவரைதான் நடந்தார். யாரும் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. எதிரே வந்த நல்லுசாமிகூட, வண்டி சேவுகம்பட்டிக்கு எத்தனை மணிக்கு வந்தது என்றுதான் கேட்டார். அதில் ஆரம்பித்து இருவரும் டிரைவர், கண்டக்டர், பழைய தடங்கள் என்று அரைமணி நேரம் பேசினார்கள். அடுத்த வாரம் மூன்றாவது கட்டை. புரட்டாசியில் துவைகல்லைத் தாண்டினார். ஐப்பசி பிறந்தபோது முழுக் கரையையும் சுற்றி வந்து, இன்னொரு சுற்று போகலாமா என்று கேட்டார். புஷ்பமேரி வேண்டாம் என்று தடுத்தார்.

ஐப்பசி மழையில் குளம் ஏறிக் கரை மூன்று வாரம் தண்ணீருக்குள் கிடந்தது. அந்த மூன்று வாரமும் நைனா பேகம்பூர்ச் சந்தில் நடந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் நின்று பதில் சொன்னார். தண்ணீர் வடிந்ததும் புஷ்பமேரி தன்னிடம் சிகிச்சைக்கு வரும் வேறு இரண்டு பேரை அழைத்து வந்தார். ஒருவர் முழங்கால் அறுவை செய்துகொண்ட பெண், இன்னொருவர் கண் பார்வை குறைந்தவர். அவர்களுக்காகக் கட்டைகளின் உயரத்தை இரண்டு அங்குலம் கூட்டச் சொன்னார் அஜீஸுன்னிசா. நல்லுசாமி மறுபேச்சின்றிக் கூட்டினார்.

இப்போது ஞாயிறுகளில் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். படலைச் சாத்துவதை நைனா தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறார். எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் சாத்துவார்.

அஜீஸுன்னிசா மட்டும் வாரத்தில் இன்னொரு நாளும் வருகிறார், யாரும் இல்லாமல். தைக்க வேண்டியதை முதல்நாளே முடித்துவிடுவார். வீட்டில் கேட்டால், சும்மா போயிட்டு வாரேன் என்பார். வடகரையில் நாவல் மரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். முக்குளிப்பான் பறவை ஒன்று தண்ணீருக்குள் மூழ்கும். எங்கே எழும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவர் நினைத்த இடத்தில் அது ஒருமுறையும் எழுந்ததில்லை. எழும்வரை காத்திருந்துவிட்டு, மதியப் பேருந்துக்கு நேரமாகும்போது எழுந்து நடப்பார்.