கால் தேய்ந்த புழு

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒரு பங்குனி மாதம். கொல்லிமலையின் வளப்பூர் நாட்டிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளிக்குக் கால்நடையாக இறங்கிக்கொண்டிருந்தேன். இப்போது பஸ் வளைந்து வளைந்து ஏறுகிற ரோடு அப்போது கிடையாது. கல்லும் வேருமாக ஒரு தடம், அவ்வளவுதான். தோளில் ஒரு மூட்டை. அதற்குள் நாலு படி சாமை, மாற்று வேட்டி ஒன்று, முனையை வளைத்துக் கூராக்கிய ஒரு சைக்கிள் கம்பி, வேட்டிக்குள் சுற்றி மறைத்த அரைப் புட்டி மண்ணெண்ணெய். சாமை கூலியாகக் கிடைத்தது. மண்ணெண்ணெய் நானாக எடுத்துக்கொண்டது.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த ஊரிலும் ஆறு மாதத்துக்கு மேல் தங்கியதில்லை. அதற்கு முந்தைய வருஷம் சேர்வராயன் மலையில் ஒரு தோட்டத்தில் இருந்தேன். அங்கே ஆரஞ்சு மரங்களில் புழு விழுந்திருந்தது. அடிமரத்தில் துளை இருக்கும், துளைக்குக் கீழே மரத்தூள் கொட்டிக் கிடக்கும், பிசின் வடியும். கவனிக்காமல் விட்டால் ஒவ்வொரு கிளையாகக் காய்ந்து மரமே போய்விடும். வளைத்த கம்பியைத் துளைக்குள் விட்டுப் புழுவைக் குத்தி இழுப்போம். பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைத் திணித்துக் களிமண்ணால் அடைப்போம். இவ்வளவும் அந்தத் தோட்டத்து மேஸ்திரி கற்றுக்கொடுத்தது. வயிற்றுப்பாட்டுக்கு இது போதும் என்று நினைத்து, கம்பியோடு கொல்லிமலைக்கு வந்தேன்.

வளப்பூர் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஒருவரிடம் ஒன்பது ஆரஞ்சு மரங்கள் இருந்தன. நாற்பது வயது இருக்கும் அவருக்கு. ஒன்பதிலும் புழு. வீட்டில் இருந்த ஒரே புட்டி மண்ணெண்ணெயை அவர் மனைவி என்னிடம் கொடுத்தார். விளக்குக்கு ஒரு சொட்டு வாங்கவும் நாயாய் அலைய வேண்டிய காலம் அது.

முதல் இரண்டு மரங்களில் ஒழுங்காகத்தான் வேலை செய்தேன். இரண்டிலும் புழு கிடைத்தது. வெள்ளையாக, நீளமாக, கால் இல்லாமல் இருந்தது. மூன்றாவது மரத்தில் துளை உள்ளே எங்கெங்கோ வளைந்து போனது. அரை நாள் குடைந்தேன். கை கிழிந்து ரத்தம் வந்ததே தவிர புழு வரவில்லை. புழுவைக் கண்ணால் பார்த்தால்தானே கூலி கொடுப்பார்கள்? மறுநாள் விடிந்ததும் அவர்கள் வீட்டுப் பின்புறம் இருந்த எருக்குழியைக் கிளறினேன். குப்பைப் புழுக்கள் கொழுகொழுவென்று கிடந்தன. ஏழெட்டை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். மீதி ஏழு மரங்களிலும் கம்பியை விட்டு நாலு ஆட்டு ஆட்டி, கையை மறைத்து, மடியில் இருந்த புழுவைக் கீழே போட்டேன். துளைகளை வெறும் களிமண்ணால் பூசினேன். மீந்த மண்ணெண்ணெயைக் காரவள்ளியில் விற்றுவிடலாம் என்று நினைத்தேன்.

சாமையை வாங்கிக்கொண்டு அன்றே மலையை இறங்கியிருப்பேன். காலில் முள் ஏறி, அடுத்த ஊர்ச் சாவடியில் ஒரு நாள் முழுக்கப் படுக்க வேண்டியதாயிற்று. அதற்கு அடுத்த நாள் காலையில்தான் இறங்க ஆரம்பித்தேன். பாதி மலை இறங்கியிருப்பேன், மேலே இருந்து குரல் கேட்டது.

"ஏனுங்க, மர வைத்தியரே! சித்த நில்லுங்க!"

மரத்துக்காரர்தான். பாறைக்குப் பாறை தாவி ஓடிவந்துகொண்டிருந்தார். மண்ணெண்ணெய்க்காகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஓடலாமா என்று பார்த்தேன். காலில் புண்.

"என்ன நடைங்க இது! போலீசு தொரத்துற மாதிரியல்ல போறீங்க" என்று சொல்லி மூச்சு வாங்கினார். முகம் முழுக்கச் சிரிப்பு. "சாவடியில படுத்திருந்தீங்கன்னு காத்தாலதான் சொன்னாங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். நீங்க எடுத்துப் போட்ட புழுவை எங்கூட்டுக்காரி கோழிக்குப் போட்டா. கோழி கொத்திப் பிச்சதும் பாத்தா, வயித்துக்குள்ள கறுப்பாச் சாணி! மரத்துக்குள்ள ஏதுங்க சாணி?"

மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டேன். அவரே தொடர்ந்தார்.

"அன்னிக்கு எனக்குச் சோறே எறங்கல. நேரா எருக்குழிக்குப் போயிக் கெளறிப் பாத்தேன். அதே புழு! அதே ஆறு காலு! அப்பத்தான் புடிபட்டுது. எருவுல பொறந்து, தின்னு கொழுத்து, அங்கிருந்து ஊந்து வந்து மரத்துல ஏறுதுங்க."

"முதலில் எடுத்த இரண்டுக்கும் கால் இல்லையே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"அதுக்குந்தான் யோசிச்சேனுங்க!" அவர் கண் பளபளத்தது. "அது ரெண்டும் உள்ள போயி வருசக்கணக்கா ஆயிருக்கும். இருந்த எடத்துலயே தீனி. நடக்கற சோலியே இல்ல. காலு தேஞ்சு போச்சு!"

அவர் சொன்னதில் எங்கேயும் ஓட்டை இல்லை. நான் கொடுத்த பொய்யைத் தவிர.

ஊரில் நடந்துகொண்டிருந்ததையும் சொன்னார். நேற்றே எருக்குழியை வார ஆரம்பித்துவிட்டார்களாம். பாதி எருவைக் கூடை கூடையாகக் கீழே ஓடைக்கரையில் கொட்டியாயிற்றாம். பக்கத்து ஐந்து வீடுகளிலும் ஆரஞ்சு மரம் உண்டு. அவர்களும் கொட்டத் தயாராம். ஆனால் வைத்தியர் வாயால் கேட்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"எரு இல்லாமல் கேழ்வரகுக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். மழை விழுந்தால் விதைக்க வேண்டிய நேரம்.

"இந்த வருசம் வெளையாதுங்க. கெழங்கு கிண்டித் தின்னுக்குவோம். மரம் போச்சுன்னா மறுபடி காய்க்கப் பத்து வருசமல்ல? நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"ஆமாங்க, நீங்கள் சொல்வது சரிதான்" என்றேன்.

என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எளுத்துத் தெரியாத எனக்கே தெரிஞ்சுபோச்சு பாருங்க!" என்று சொல்லிவிட்டு, வந்ததைவிட வேகமாக மேலே ஏறிப் போனார்.

நான் கீழே நடந்தேன். கொஞ்ச தூரம்தான். பிறகு ஒரு பாறையில் உட்கார்ந்தேன். மனச்சாட்சி அது இது என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். பசியைப் பற்றி எனக்குத் தெரியும். சோறு இல்லாத வீட்டில் வைகாசி எப்படி இருக்கும், ஆடி எப்படி இருக்கும் என்று தெரியும். ஆறு வீட்டுக்காரர்கள் அதை என் வார்த்தைக்காகத் தாங்களே இழுத்து வைத்துக்கொள்ளப் போகிறார்கள். திரும்பினேன்.

ஆனால் உண்மையைச் சொல்லும் எண்ணத்தோடு ஏறவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். எருவைக் கொட்டாதீர்கள் என்று மட்டும் சொல்லி, ஏதாவது காரணம் காட்டித் தப்பித்துவிடலாம் என்றுதான் ஏறினேன்.

உச்சி வேளைக்கு ஓடைக்கரைக்குப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு வீட்டுக்காரர்கள் புதிதாகக் கொட்ட ஆரம்பித்திருந்தார்கள். கூடைகளோடு பதினைந்து பேர் இருப்பார்கள். மரத்துக்காரர் நடுவில் நின்று, ஓர் இலையில் குப்பைப் புழுவை வைத்து, அதன் காலைக் குச்சியால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தா, வைத்தியரே வந்துட்டாரு!"

"எருவைக் கொட்டாதீர்கள்" என்றேன். "யோசித்துப் பார்த்தேன். குப்பைப் புழு மரம் ஏறாது. அது எருவிலேயே கிடந்து, கொம்பு வண்டாக மாறிப் பறந்துவிடும். மரத்துப் புழு வேறு. நீளமான மீசை உள்ள வண்டு ஒன்று மரப்பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். அது பொரிந்து உள்ளே போவதுதான் அந்தப் புழு. அதற்குப் பிறப்பிலேயே கால் கிடையாது."

மேஸ்திரி சொன்னது ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அவ்வளவும் உண்மை. மரத்துக்காரரின் மனைவி கூடையை இடுப்பில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரிங்க. அப்படீன்னா எங்க மரத்துக்குள்ள இருந்து ஆறு கால் புழு எப்படிங்க வந்துச்சு?"

எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கேள்வி வந்து நின்றது.

"ஒண்ணில்ல, ஏழு மரத்துல வந்துச்சே. காத்தால ஆமான்னு வேற சொல்லியுட்டீங்களாம்?" என்று விடாமல் கேட்டார்.

மூட்டையை இறக்கி, மண்ணெண்ணெய்ப் புட்டியை எடுத்து மண்ணில் வைத்தேன். "மரத்திலிருந்து வரவில்லை. என் மடியிலிருந்து வந்தது. உங்கள் எருக்குழியில்தான் எடுத்தேன்" என்றேன்.

அடிப்பார்கள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் நின்றேன். யாரும் என்னைத் தொடவில்லை. கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். என்னைப் பார்த்து அல்ல, மரத்துக்காரரைப் பார்த்து.

"ஏப்பா, காலு தேஞ்சு போச்சுன்னியே! நேத்திருந்து ஊடு ஊடா வந்து பாடம் நடத்துனியே!"

"வைத்தியரு மடியில புழு, இவன் மண்டையில புழு!" என்றார் இன்னொருவர்.

கூடைகளைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். எருவைக் கொட்டியிருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் மட்டும் சிரிக்கவில்லை. அவரைத் திட்டினார்கள். நான் அங்கே நிற்பதே யாருக்கும் ஞாபகம் இல்லாதது போல இருந்தது. அவர் கையில் இருந்த இலை சாய்ந்து புழு கீழே விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

"அப்ப, ஏழு மரத்துலயும் புழு உள்ளதான் இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டார். அப்போதும் 'ங்க' போட்டுத்தான் கேட்டார்.

"ஆமாங்க."

மரங்கள் இருந்த பக்கம் திரும்பி நடந்து போய்விட்டார்.

யோசித்துப் பார்த்தால், அந்த மலையில் புழுவைச் சரியாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். வயிற்றில் சாணி இருப்பதைக் கவனித்தார். கால் இருப்பதையும் இல்லாததையும் கவனித்தார். எருக்குழி வரை போய் ஒத்துப் பார்த்தார். எனக்குப் பாடம் சொன்ன மேஸ்திரிகூட அவ்வளவு பார்த்ததில்லை. நான் நடுவில் பொய்ப் புழுவைப் போடாமல் இருந்திருந்தால், மீசை வண்டு வரைக்கும் அவரே போய்ச் சேர்ந்திருப்பார். நான் திருடியது மண்ணெண்ணெய் மட்டும் என்றால் பரவாயில்லை.

கூட்டம் கலைந்தது. நானும் மெல்ல நகர்ந்தேன்.

"எங்க போறே?" என்றார் மரத்துக்காரரின் மனைவி. 'ங்க' போய்விட்டது. "கொட்டுனதை எவன் அள்ளுவான்? மூணு ஊட்டு எருவும் மேல வரோணும். சோறு போடறேன். பேச்சு எதிர்பாக்காதே."

சாமையைத் திருப்பிக் கொடுத்தேன். கம்பியை அவர்கள் வாசலில் வைத்தேன். அன்று மாட்டுக்கொட்டகையில் படுத்தேன்.

மறுநாள் காலையில் கூடையை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கும்போது, மரத்துக்காரர் ஏற்கனவே மரத்தடியில் இருந்தார். நான் பூசிய களிமண்ணை உடைத்துவிட்டு, கம்பியைத் துளைக்குள் விட்டுக்கொண்டிருந்தார். நான் அரை நாள் குடைந்தும் புழு வராத அந்த மூன்றாவது மரம். முரட்டுத்தனமாகக் குத்தவில்லை. கொஞ்சம் விடுவார், காதை வைத்துக் கேட்பார், கம்பியைத் திருப்புவார். புழு முழுசாக வெளியே வந்தது. அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். எதையோ கண்டுவிட்டார் என்பது அவர் புருவத்திலேயே தெரிந்தது.

வழியில் போன பக்கத்து வீட்டுக்காரர் நின்றார். "என்னப்பா, என்னமோ பாக்கறே? இதுக்குக் காலு மொளைச்சிருக்குதா?"

அவர் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. புழுவைக் கல்லில் வைத்து நசுக்கிவிட்டு அடுத்த துளைக்குப் போனார்.

நான் ஓடைக்கரைக்கு இறங்கி முதல் கூடையை நிரப்பித் தலையில் தூக்கினேன். மூன்று வீட்டு எருவையும் பதினொரு நாளில் மேலே ஏற்றிவிட்டேன். அன்று காலை அவர் சொல்ல வந்து விழுங்கியது என்ன என்று கேட்கும் தகுதி மட்டும் அந்தப் பதினொரு நாளிலும் எனக்கு வரவில்லை, இத்தனை வருஷம் கழித்தும் வரவில்லை.