கட்டைவிரலுக்கு அடியில்

ஒரகடத்தில் ஒரு நர்சரி பள்ளியில் யுகேஜி டீச்சராக இருக்கிறேன். முதலில் எழுத்துகளின் ஒலியைப் பழக்குங்கள், பிறகு ஒலிகளைக் கூட்டி வார்த்தையைப் படிக்க வையுங்கள் என்றுதான் பயிற்சியில் சொன்னார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. பெற்றோர் தினம் வேறு நெருங்கிவிட்டது. ஒரு இங்கிலீஷ் படக்கதையைப் பக்கம் பக்கமாக ஒப்பிக்க வைத்துவிட்டேன்.

அன்று யாழினி புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி ஒரு தப்பில்லாமல் சொன்னாள். செகண்ட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பி யூனிஃபார்மோடு வந்திருந்த அவள் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க வூட்ல இங்கிலீஷ் படிக்கிற மொத ஆளு இதுதான் மிஸ்" என்றவர், கழுத்தில் தொங்கிய ஐடி கார்டை மகளிடம் நீட்டினார். "இதுல இன்னா போட்டுகீது, படி பாப்பா."

அவள் கார்டில் இருந்த போட்டோவைப் பார்த்தாள். "அப்பா!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் குனிந்து கார்டைப் பிடித்தேன். போட்டோவைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, கீழே அவர் பெயர் மணி என்று இங்கிலீஷில் இருந்த நாலே நாலு எழுத்தைக் காட்டினேன்.

"இதைப் படிம்மா."

யாழினி எழுத்துகளைப் பார்க்கவே இல்லை. தன் சின்ன விரலால் என் கட்டைவிரலை மெல்ல நகர்த்தப் பார்த்தாள்.

"இன்னா மிஸ்?" என்றார். வாசலில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஓடினார்.

ஜூனில் யாழினியை வேறு பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று பெருமையாகச் சொல்லித்தான் அவள் அப்பா சேர்த்திருப்பார். படம் இல்லாத பக்கம் வந்தால் அவள் என்ன செய்கிறாளோ.