கட்டி இருந்த இடம்

லிங்கராஜபுரத்தில் ஜாக்கெட் தைக்கிற பெண்களில் எனக்குத்தான் வாய் நீளம் என்பார்கள். இருக்கட்டும். அந்த வாய் இல்லாவிட்டால் இன்றைக்கு நான் என்ன ஆகியிருப்பேனோ.

கீமோ தொடங்குவதற்கு முன்பே டாக்டரம்மா என் இடது மார்பில் இருந்த கட்டிக்குள் ஊசி வழியாக ஓர் உலோகத் துணுக்கை வைத்தார். அரிசியை விடச் சின்னது. "மருந்துல கட்டி கரைஞ்சிட்டா, அது எங்க இருந்துச்சின்னு எங்களுக்கே தெரியாதும்மா. அப்ப இதுதான் எடம் காட்டும்," என்றார். எனக்கு உடனே புரிந்தது. துணியை வெட்டுவதற்கு முன் நானும் சாக்பீஸால் கோடு போடுகிறவள்தானே.

சொன்னபடியே கரைந்தது. முடி கொட்டி, வாய் புண்ணாகி, நான் பாதியாகிப்போன சமயத்தில் கட்டியைத் தேடினால் கையில் எதுவும் படவில்லை. ஸ்கேனிலும் தெரியவில்லை. வீட்டில் ஒரே கொண்டாட்டம். என் கணவரின் அக்கா ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று, அற்புதம் நடந்ததென்று சாட்சியே சொல்லிவிட்டார். பிறகு வீட்டுக்கு வந்து, "அதான் போயிடுச்சே, சும்மனே எதுக்கு உடம்ப அறுக்கணும்?" என்றார். என் கணவர் வாயே திறக்கவில்லை. அக்கா பேசும்போது அவர் என்றைக்குத்தான் திறந்திருக்கிறார்!

எனக்கும் பயம்தான். அறுத்துக்கொள்ள யாருக்கு ஆசை? ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் மிச்சம் இருந்தால் மறுபடி வளரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "அண்ணி, கர்த்தர் கரைச்சாரு, நான் இல்லேன்னு சொல்லல. மிச்சம் இருக்கான்னு டாக்டர் பாக்கட்டும். ஆபரேஷனுக்கு நான் போறேன்," என்றேன். அவர் காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் டாக்டரம்மா பேனா மாதிரி ஒரு கருவியை மார்பின் மேல் நகர்த்தினார். ஓரிடத்தில் அது கீச்சென்று கத்தியது. அந்த இடத்தில் மட்டும் அறுத்து, துணுக்கையும் சுற்றியிருந்த சதையையும் எடுத்தார்கள். மார்பகம் எனக்கே மிஞ்சியது.

பரிசோதனை முடிவைக் கேட்கப் போனபோது கணவரும் அண்ணியும் கூடவே வந்தார்கள். துணுக்குக்குப் பக்கத்திலேயே துளியூண்டு புற்றுநோய் மிச்சம் இருந்திருக்கிறது. முழுதாக எடுத்தாகிவிட்டது, எடுத்த சதையின் ஓரமெல்லாம் சுத்தம் என்றார் டாக்டரம்மா. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கணவர் அத்தனை பேர் முன்னாலும் அழுதார்.

ஆட்டோவில் அண்ணி வெளியே பார்த்தபடியே வந்தார். நான் குத்திக்காட்டவில்லை, நாக்கு துறுதுறுத்தது உண்மை. வாசலில் இறங்கியதும் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் கட்டி எதுவும் கையில படலம்மா. இருந்தாலும் ஒரு தடவ காட்டிக்கலாம்னு இருக்கேன். நீ கூட வா."