கடுந்தேநீரில் இரும்பு மாத்திரை

என் ஆராய்ச்சியைப் பற்றி யாராவது கேட்டால் இப்போதெல்லாம் சலிப்பாகத்தான் இருக்கிறது. கடுக்காயிலிருந்து எடுத்த துவர்ப்புச் சத்தை இரும்பு உப்புக் கரைசலோடு சேர்த்தால் நொடியில் கறுத்துவிடும். அந்தக் கறுப்பு, புற்றுநோய் மருந்தின் மேல் மெல்லிய ஓடாகப் படியும். கண்ணுக்குத் தெரியாத அந்த நானோ உருண்டை, கட்டி இருக்கிற இடத்துக்குப் போய், அங்குள்ள புளிப்பில் ஓடு கரைந்து, மருந்தை விடவேண்டும். விட்டால்தான் எனக்கு முனைவர் பட்டம். என்னுடையது சில நாள் பாதி வழியிலேயே விட்டுவிடும், சில நாள் விடவே விடாது. இதைப் பார்க்கத்தான் இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டைக்குத் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்புகிறேன்.

அப்படித் திரும்பிய ஒரு சாயங்காலம் அம்மா கேட்டாள்: "அங்கிட்டுப் போயி என்னதான் தாயி பண்றே?"

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "துவர்ப்பையும் இரும்பையும் சேத்தா, மருந்தப் பத்திரமா ஒடம்புக்குள்ள கொண்டுபோயிரும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதாமாதம் ரத்தம் கொட்டி ஆள் வெளுத்துப்போயிருந்தாள். ரத்தம் ஏறினால்தான் ஆபரேஷன் என்று சொல்லி டாக்டரம்மா இரும்பு மாத்திரை கொடுத்தார். ஒவ்வொரு பரிசோதனையிலும் ரத்தம் ஏறவே இல்லை. "மாத்திரைய ஒழுங்கா போடுறதில்ல நீங்க" என்று அவர் திட்டுவார். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள். எனக்கும் சந்தேகம்தான். தூக்கி எறிகிறாளோ என்று குப்பையைக்கூடக் கிளறிப் பார்த்தேன். ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறவளிடம் போய்க் கத்தினேன், என்னத்தைச் சொல்ல.

ஆய்வகத்தில் மிஷின் கெட்டுப்போய் நான் வீட்டில் இருந்த ஒரு காலையில்தான் அதைப் பார்த்தேன். அம்மா பால் ஊற்றாத கடுந்தேநீரில் மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கலக்கினாள். டீ மை மாதிரி கறுத்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"என்னம்மா இது?"

"நீ சொன்னதுதானே. துவர்ப்பும் இரும்பும். என்னமா கறுக்குது பாரு."

டீயில் இருக்கிற துவர்ப்பு குடலில் இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் சேரவிடாமல் வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். ஆய்வகத்தில் எது ஒட்டவேண்டும் என்று நான் சாமி கும்பிடுகிறேனோ, அது அம்மாவின் வயிற்றில் மாதக்கணக்காக ஒட்டியிருக்கிறது. உட்காரவைத்துச் சொன்னேன்.

"அப்ப நீ படிக்கிறது பொய்யா தாயி?"

"பொய்யில்லம்மா. அது வேற மருந்தச் சுமக்க. ஒனக்கு இரும்புதாம்மா மருந்தே."

அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அன்றிலிருந்து மாத்திரைக்கு எலுமிச்சைச் சாறு, டீ சாயங்காலம் மட்டும்.

அதற்கப்புறம் எடுத்த பரிசோதனையில் ரத்தம் ஏறியிருந்தது. டாக்டரம்மா ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். "இப்பத்தான் ஒழுங்கா போட்டிருக்கீங்க" என்றார்.

அம்மா இந்த முறை தலையைக் குனியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். குரலில் குறையே இல்லை, பெருமைதான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"முன்னாடியும் ஒழுங்காத்தான் போட்டேங்க. எம் மக சொன்னபடியேதான் போட்டேன்."