நாற்பது பை எரிமலை மண்

மண் ஆய்வுகூடத்து வேலை என்றால் பாதி நேரம் காயப்போடுவது, மீதி நேரம் சல்லடையில் அரிப்பது. ஆராய்கிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று கழுவி, துடைத்து, பெயர் ஒட்டி வயிறு வளர்க்கிற சகபாடிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு விளங்காது.

பதினொரு வருடம் சுவிஸ் மலையூரான டாவோசில் ஒரு ஹோட்டல் குசினியில் இருந்தவன் நான். முதலில் கோப்பை கழுவினேன், பிறகு சலாட் வெட்டுகிற குளிர் குசினிக்கு ஏறினேன். 2010இல் இடுப்புப் பக்கம் நாரி பிடித்துக்கொண்டது. இந்தக் குளிரும் வேண்டாம், இந்த மலையும் வேண்டாம் என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு பாசலுக்கு இறங்கினேன். அங்கே கிடைத்த வேலையில் முதல் வருடம் தொடங்கியவை இவை.

நேர்முகம்

ஆய்வுகூடப் பொறுப்பாளர் ஹெர் ஷ்டைனர், 'திரு'வுக்கு அங்கே ஹெர். உயரமான மனிதர், சிரிப்பதற்கு விண்ணப்பப் படிவம் கேட்கிற முகம். அவர் கதைத்தது முழுக்க ஜெர்மன். நான் தமிழில் தருகிறேன், நக்கல் கொஞ்சம் குறைந்துதான் வரும்.

மண்ணில் அனுபவம் உண்டோ என்று கேட்டார். டாவோசில் உருளைக்கிழங்கு கழுவின அளவுக்கு உண்டு என்றேன். அப்படியென்றால் வேறு என்ன தெரியும் என்றார். எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொன்னேன். வந்த சாமானை வந்த உடனே பிரிப்பேன், அட்டைப்பெட்டி என் குசினிக்குள் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காது, மடித்துச் சணல் கயிறு கட்டி வெளியே போய்விடும் என்றேன். மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மண்ணைப் பிறகு சொல்லித் தரலாம். ஒழுங்கைச் சொல்லித் தர ஏலாது. திங்கட்கிழமை வாங்கோ."

குளிரறையில் கிண்ணங்கள்

ஹோட்டல் குசினியில் ஒரு வழக்கம் உண்டு. மேசைக்குப் போகிற ஒவ்வொரு சாப்பாட்டிலும் ஒரு பிடி எடுத்து, மூடி போட்ட சின்னக் கிண்ணத்தில் வைத்து, திகதி எழுதிக் குளிரில் வைக்க வேண்டும். நாளைக்கு ஒரு விருந்தாளிக்கு வயிறு குழம்பினால் எடுத்துப் பரிசோதிக்கத்தான். டாவோசில் அது என் பொறுப்பு. பதினொரு வருடம் செய்ததைக் கை மறக்குமா? ஆய்வுகூடத்துக்கு வருகிற ஒவ்வொரு மண்ணிலும் ஒரு பிடி எடுத்து, மூடி போட்டு, இலக்கமும் திகதியும் எழுதிக் குளிரறையில் அடுக்கத் தொடங்கினேன். ஒருவரும் சொல்லவில்லை. நானும் ஒருவரையும் கேட்கவில்லை.

மூன்றாம் மாதம் ஷ்டைனர் குளிரறையைத் திறந்தார். இரண்டு தட்டு நிறையக் கிண்ணங்கள். நான் விளக்கம் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"இஞ்ச மண்ணைச் சாப்பிட்டு ஒருத்தருக்கும் வயித்தாலை போகாது. இனி வேண்டாம், எல்லாத்தையும் எறியுங்கோ."

மதுஷாவின் மலை

அந்த இடத்தில் என்னோடு தமிழ் கதைத்த ஒரே ஆள் மதுஷா. பேர்னில் பிறந்த பிள்ளை, தாய் தகப்பன் இலங்கையில் மன்னார் பக்கம். கலாநிதிப் பட்டத்துக்கு எரிமலைச் சாம்பல் மண்ணை ஆராய்ந்துகொண்டிருந்தாள். என்னை அங்கிள் என்பாள், நடுவில் ஜெர்மன் போட்டுத் தமிழ் கதைப்பாள். ஆனால் தமிழை விடமாட்டாள்.

தென் அமெரிக்காவில் எக்குவடோர் நாட்டில் ஒரு எரிமலைச் சரிவு. உச்சிப் பக்கம் எந்நேரமும் முகில் மூடி ஈரமாகக் கிடக்கும். கீழே இறங்க இறங்க மழை இல்லை, காய்ந்த சரிவு. கீழே தோட்டம் செய்கிறவர்கள் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்து விட்டார்களாம். தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் மேலாக வழிந்து போய்விடுகிறதாம். மேலே இருப்பதும் கீழே இருப்பதும் இரண்டு வேறு மண்ணா, அல்லது ஒரே மண்தான் கீழே கெட்டுப்போனதா? இதுதான் அவளுடைய கேள்வி. மூன்று வருடப் படிப்பு இந்த ஒரு கேள்வியில் தொங்கியது.

இரண்டு மாதம் அங்கே போய் நின்றாள். மேலே இருபது பை, கீழே இருபது பை மண் எடுத்தாள். வெளிநாட்டு மண்ணை நாட்டுக்குள் கொண்டுவருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. இரண்டு நாட்டிலும் அனுமதி வாங்க வேண்டும், அதுவும் ஒரு தரத்துக்கு மட்டும். இதை என் மனைவிக்குச் சொன்னேன்.

"எனக்கு விசா எடுக்க நீங்கள் பட்ட பாட்டை விட மண்ணுக்குக் கூடப் பாடு போல கிடக்கு."

பாரமில்லாத பை

ஒரு வியாழக்கிழமை காலை பெட்டிகள் வந்து இறங்கின. நாரியை நினைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து முதல் பையைத் தூக்கினேன். பை தலைக்கு மேலே போகாத குறை. அந்த அளவு மண்ணுக்கு அந்தப் பாரம் காணாது. சாம்பல் மண்ணுக்குள்ளே நுண்ணிய துவாரங்கள் நிறைய, அதனால்தான் இந்த லேசு என்று மதுஷா பிறகு சொன்னாள். அவள் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் நாற்பது பையும் மேசையில் வரிசையாக நின்றன. பெட்டிகள் மடிந்து, கயிறு கட்டி, வாசலில் நின்றன. ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம்தான்.

அவள் மேல் மண்ணில் ஒரு துளி எடுத்து என் விரலில் வைத்து உரஞ்சச் சொன்னாள். முதலில் வெண்ணெய் மாதிரி வழுக்கியது. இன்னும் அழுத்த, திடீரென்று தண்ணீர் விட்டு விரலெல்லாம் ஈரம். சும்மா வைத்திருக்க, திரும்ப இறுகிவிட்டது. வடிதாளில் கொஞ்சம் வைத்து ஏதோ இரண்டு மருந்து விட்டாள். தாள் குங்குமமாகச் சிவந்தது. எரிமலைச் சாம்பல் என்பதற்கு அதுதான் அடையாளமாம். எனக்கு உண்மையாகவே சந்தோசமாக இருந்தது. அதுவரைக்கும் மண் எனக்கு வேலை, அன்றைக்குத்தான் அது ஒரு அருமையான சாமானாகத் தெரிந்தது.

அவளுக்கு ஜெனீவாவில் ஒரு கூட்டம், திங்கள்தான் திரும்புவாள். ட்ராமுக்கு நேரமாகிவிட்டது என்று தன் கைப்பையைத் தோளில் போட்டபடியே சொல்லிவிட்டுப் போனாள்.

"மிச்சத்தை நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ அங்கிள். எல்லாம் பெட்டிக்கு மேல எழுதியிருக்கு, கெனவ், அப்பிடியே."

காயப்போட்டேன்

பெட்டிக்கு மேலே என்ன எழுதியிருக்கும்? அனுப்புநர், பெறுநர், இலக்கம். இலக்கம் பையிலும் இருக்கிறது. கட்டின கயிற்றை யார் அவிழ்ப்பது? ஆய்வுகூடத்தில் எந்த மண் வந்தாலும் செய்வது ஒன்றுதான்: தட்டில் பரப்பு, நாற்பது பாகைச் சூட்டில் வை, காய்ந்ததும் அரிதட்டில் அரி. நாற்பது பையையும் நாற்பது தட்டில் அழகாகப் பரப்பி, காயவைக்கிற மின் அடுப்பில் வைத்துக் கதவைச் சாத்தினேன். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அது காய்ந்தது. அதற்கு முதல் என்ன செய்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

திங்கள் காலை மதுஷா வந்து அடுப்பைத் திறந்தாள். ஒரு தட்டை வெளியே இழுத்தாள். விரலால் கிள்ளி உரஞ்சினாள். ரவை மாதிரி கரகரவென்றது. தண்ணீர் விட்டு உரஞ்சினாள், அப்போதும் ரவைதான். வழுக்கலும் இல்லை, ஈரம் விடுகிற வித்தையும் இல்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கதிரையை இழுத்து உட்கார்ந்து, அடுத்த தட்டையும் இழுத்துக் கிள்ளினாள்.

நான் வாசலுக்கு ஓடிப்போய்க் கயிற்றை அறுத்தேன். பெட்டி மூடியில் சிவப்பு மையில் ஜெர்மன் இரண்டு வரி. அதற்குக் கீழே, எனக்காகவே, கோணல் மாணலான தமிழில்: "இதைக் காய வைக்க வேண்டாம் அங்கிள்." நாற்பது வயதுக்கு மேல் ஒருவன் அழுவதற்கு அட்டைப்பெட்டி போதும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பெட்டியைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன்.

"வேற மண் எண்டால் தண்ணி விடத் திரும்ப வரும். இது ஒருக்காக் காஞ்சால் வராது அங்கிள். ஒரு வருசம் ஊறப் போட்டாலும் வராது."

ஷ்டைனர் பார்த்த கிண்ணங்கள்

இப்போது சொல்கிறேன். வியாழக்கிழமை தட்டில் பரப்ப முதல், ஒவ்வொரு பையிலும் ஒரு பிடி எடுத்துக் கிண்ணத்தில் வைத்து மூடியிருந்தேன். ஷ்டைனர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்பது மூளைக்குத் தெரியும். கைக்கு யார் சொல்வது? எடுத்து முடித்த பிறகுதான் ஞாபகமே வந்தது. எறிய மனமில்லாமல், குளிரறையின் அடித்தட்டில், ஆற்று மணல் வாளிக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

மதுஷாவைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போனேன். பின்னாலேயே ஷ்டைனரும் வந்துவிட்டார், செய்தி மாடிக்கு எட்டியிருக்க வேண்டும். முழங்காலில் நின்று வாளியை இழுத்தேன். நாற்பது கிண்ணம், இலக்கமும் திகதியும் போட்டபடி. மதுஷா ஒன்றைத் திறந்து உரஞ்சினாள். வழுக்கியது. விரல் ஈரமாகியது. அந்தப் பிள்ளை குளிரறைத் தரையிலேயே இருந்துகொண்டு சிரிக்கத் தொடங்கினாள், கண்ணால் தண்ணீர் ஓடியது. நான் ஷ்டைனரைப் பார்த்தேன். வேலை போகிற மாதிரியும் இருந்தது, போகாத மாதிரியும் இருந்தது. அவர் கிண்ணங்களை ஒவ்வொன்றாக எண்ணி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"எறியச் சொன்னது நான்தான். நல்ல காலம், அதை எழுத்தில தரேல்லை."

மூன்று சொட்டுத் தண்ணீர்

ஒரு கிண்ணத்தில் ஒரு பிடிதான். முதலில் திட்டம் போட்ட எல்லாவற்றையும் அளக்க அது காணாது. அந்த இழப்பு இழப்புத்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து மதுஷா என்னைக் கூப்பிட்டு, மேசையில் மூன்று தட்டு வைத்தாள். ஒன்று கிண்ணத்தில் இருந்த மேல் மண். அடுத்தது நான் காய வைத்த அதே மேல் மண். மூன்றாவது கீழ்ச் சரிவு மண். அது மலையிலேயே காய்ந்து வந்தது, என் அடுப்பு அதை ஒன்றும் செய்யவில்லை.

மூன்றிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். முதல் தட்டில் சொட்டு உடனே உள்ளே போனது. இரண்டாவதில், சேம்பு இலையில் நிற்கிற மாதிரி உருண்டு நின்றது. மூன்றாவதிலும் அப்படியே நின்றது. இரண்டு பேரும் அந்த இரண்டு சொட்டையும் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் கெடுத்த மண்ணும் மலை கெடுத்த மண்ணும் ஒரே மாதிரி நடந்தன. மற்றச் சோதனைகளை அவள் மாதக் கணக்கில் செய்தாள், அவையும் இதைத்தான் சொல்லின. எனக்கு அந்தச் சொட்டே போதும்.

"ரெண்டும் ஒரே மண்தான் அங்கிள். கீழ இருக்கிறது எப்பவோ ஒருக்காக் காஞ்சுபோச்சு. இனி மேல இருக்கிறதைக் காயாமல் மூடி வச்சுப் பாதுகாக்கச் சொல்லித்தான் அந்த ஆக்களுக்கு எழுத வேணும்."

அச்சில் வந்தது

ஆய்வேடு எழுதும்போது ஷ்டைனர் ஒரு யோசனை சொன்னார். "ஒப்பிடுவதற்காக ஒரு பகுதி காயவைக்கப்பட்டது" என்று எழுதினால் போதும், பார்க்க அழகாக இருக்கும் என்றார். எனக்கும் அது பிடித்திருந்தது. மதுஷா மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். நடந்ததை நடந்தபடி எழுதினாள்: மாதிரிகள் தவறுதலாகக் காயவைக்கப்பட்டன என்று ஒரு வரி, அதற்கு முதலே ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு குளிரில் எடுத்து வைக்கப்பட்டிருந்தது என்று அடுத்த வரி. இரண்டையும் செய்தவர் என்று என் முழுப் பெயரும்.

பட்டம் கிடைத்த அன்று ஒரு பிரதி தந்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து, அந்தப் பக்கத்தை விரித்து, ஜெர்மனைத் தமிழாக்கி மனைவிக்கு வாசித்தேன். அவள் கண்ணாடியைப் போட்டு என் பெயரை மட்டும் எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். பிறகு ஆய்வேட்டைக் கொண்டுபோய்ச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்ர மனுசன் பிழை விட்டதை முதல்முறையா எழுத்தில பாக்கிறன். கவனமா வச்சிருக்க வேணும்."

சகபாடிகளே, பெரிய படிப்பில்லாத நான் எரிமலை மண்ணிடம் படித்தது இவ்வளவுதான்: காயப்போட முதல் பெட்டி மூடியை ஒருமுறை வாசிக்க வேண்டும், வாசிக்காமல் விடுகிற ஆள் என்றால் ஒரு பிடியாவது எடுத்து வைக்க வேண்டும்.