சீர்ப்பெட்டிகள் அடைத்த அறை

நக்லாவுக்குச் சும்மா உட்கார வராது. எகிப்தின் மன்சூரா நகரில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கிளையில் வேலை பார்த்த காலமெல்லாம், எதிர்மேசையில் ஒரு காகிதம் கோணலாகக் கிடந்தால்கூட எழுந்து போய் நேராக்கிவிட்டு வந்துதான் தேநீரைத் தொடுவாள். கிளையை மூடப்போவதாகக் கெய்ரோவிலிருந்து தகவல் வந்ததும், இடத்தை ஒழித்துக் கொடுக்கும் வேலையை யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மேடம் நக்லா, அந்த ஃபேக்ஸ் மெஷினை மட்டும் விட்டுடுங்க" என்றார் பக்கத்து மேசை ஷவ்கி. "நல்ல மெஷின் அது."

"கடைசியா எப்ப ஓடிச்சு?"

"ஓடினா நல்லா ஓடும்."

"நீங்களும் அப்படித்தான், உஸ்தாத். கொஞ்சம் எந்திரிங்க, உங்க மேசைக்கு அடியில பார்க்கணும்."

மேசைக்கு அடியில் பழைய நாட்காட்டிகளும், ஒற்றைச் செருப்பும், மூடி துருப்பிடித்த ஒரு எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலும் இருந்தன. ஊறுகாயை ஷவ்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதை மட்டும் நக்லா விட்டுக்கொடுத்தாள்.

இனிமேல் வேலை பார்க்க இரண்டே வழி. தினமும் கெய்ரோவுக்குப் போய்வர வேண்டும், அல்லது வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து என்றால் கதவு சாத்தும் தனி அறை கட்டாயம். விபத்திலும் சாவிலும் அடிபட்டவர்கள் தொலைபேசியில் அழுவார்கள். பின்னால் குக்கர் சத்தம் கேட்கக்கூடாது. கெய்ரோ மேலாளர் நெவீன், வியாழக்கிழமை காணொளியில் அறையைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள்.

கெய்ரோ போய்வருவது நக்லாவின் முழங்காலால் ஆகாது. வேலையை விடுவதும் ஆகாது. சம்பளத்தை விடுங்கள், வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் தன்னைத் தன்னாலேயே தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டில் கூடத்துக்குக் கதவு கிடையாது, வளைவுதான். அவளும் கணவரும் படுக்கும் அறையில் கட்டில் போக நிற்கத்தான் இடம். மிச்சம் மகள் ஹனீனின் அறை. அதற்குக் கதவு இருந்தது. ஆனால் சாத்த முடியாது. கதவுக்குப் பின்னால் கூரைவரை அட்டைப்பெட்டிகள்.

எல்லாம் ஹனீனின் சீர். அவள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷத்திலிருந்து நக்லா வாங்கிச் சேர்த்தவை. குக்கர், கம்பளி, பொன்விளிம்பு போட்ட தட்டுகள், துண்டுகள், திரைச்சீலை, விரிப்பு. கட்டிலுக்கு அடியில், அலமாரிக்கு மேலே, சன்னலை மறைத்து என்று எல்லா இடத்திலும் பெட்டிகள். எதையும் பிரித்ததில்லை. பிரித்த பெட்டி சீரில் போகாது. பழசை ஒட்டி அனுப்பினார்கள் என்பார்கள். மருந்தியல் படிக்கும் ஹனீன் தன் அறைக்குள் பக்கவாட்டில்தான் நுழைவாள்.

அந்தத் தெருவில் ஒரு பெண்ணின் சீர் கிளம்பினால், திறந்த வண்டியில் ஏற்றி ஹாரன் அடித்துக்கொண்டு போவார்கள். மாடங்களில் பெண்கள் நின்று குலவையிடுவார்கள், பெட்டிகளை எண்ணவும் செய்வார்கள். நக்லாவின் சீர் இந்தத் தெருவுக்கு வந்து இறங்கியபோது வண்டியில் பாதி காலியாக இருந்தது. எதிர்வீட்டு மாடத்தில் நின்ற நாத்தனார் சமியா, "மீதி வண்டி பின்னால வருதா?" என்று கேட்டாள். தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பின்மேல்தான் ஹனீனின் அறையில் இத்தனை பெட்டிகள் ஏறியிருந்தன.

ஆகவே நக்லா மற்ற எல்லாவற்றையும் ஒழித்தாள். கணவர் ரிஃபாத்தின் ஓடாத மின்விசிறிகளும், குடல் பிடுங்கிய வானொலிகளும் பழைய சாமான்காரன் வண்டியில் ஏறின. ரிஃபாத் மாடத்தில் நின்று, சொந்தக்காரரை வழியனுப்புவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் சாமான் போச்சு. சரி. உள்ள இருக்கிற உன் கடையை எப்பக் காலி பண்ணப்போற?"

"அது கடையில்ல, ஹனீன் அப்பா. உங்க பொண்ணோட மானம்."

"மானத்துக்கு எதுக்குடி இவ்வளவு துண்டு?"

நக்லா உள்ளே போனாள். பெட்டிகளை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மாற்றினாள், மறுபடி மாற்றினாள். கடைசியில் ஒரு மூலையில் மேசை போட்டு, காணொளியில் வெறும் சுவர் மட்டும் தெரியும்படி உட்கார்ந்துகொண்டாள்.

வியாழக்கிழமை நெவீன் சுவரைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள். பிறகு, "அப்படியே ஃபோனைத் திருப்பி, கதவைச் சாத்திக் காட்டுங்க" என்றாள்.

கதவு பாதி வந்து பெட்டியில் முட்டியது. நக்லா தோளால் தள்ளினாள். மேலே ஒரு பெட்டி ஆடியது. அதே நேரம் சமையலறையிலிருந்து ரிஃபாத், "நக்லா, உப்பு எங்க?" என்று கத்தினார்.

நெவீனும் எகிப்துக்காரிதானே. பெட்டிகளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "எத்தனை பொண்ணு?"

"ஒண்ணுதான்."

"பேசி முடிச்சாச்சா?"

"இன்னும் இல்ல."

"ஒரு பொண்ணுக்கா இவ்வளவு?" என்றாள் நெவீன். "வெள்ளி, சனி லீவு. ஞாயித்துக்கிழமை மறுபடி கூப்பிடறேன். கதவு சாத்தணும், மேடம். இல்லைன்னா கெய்ரோவுக்கு வந்துடுங்க."

அன்று எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். தட்டை எடுக்கும்போது ஹனீன்தான் தொடங்கினாள்.

"ஆபீஸ்ல எல்லார் சாமானையும் கேட்டியாமே, கடைசியா எப்ப உதவிச்சுன்னு. என் ரூம்ல இருக்கிறதையும் கேளேன்."

"அது உன் சாமான்."

"நான் கேட்டேனா?"

"பொறக்கணும்னுகூட நீ கேக்கல."

"அம்மா, சமியா அத்தை வாய்க்கு என் ரூம் ஏன் அடைபடணும்?"

நக்லா தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய், ஏற்கெனவே கழுவியிருந்ததையும் சேர்த்துக் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை, தொழுகைக்கு ரிஃபாத் போன பிறகு, கதவுக்குப் பின்னாலிருந்த ஒரே ஒரு பெட்டியை மட்டும் நகர்த்தலாம் என்று தூக்கினாள். ஈரம் குடித்திருந்த அடி அட்டை விட்டுக்கொடுத்தது. குக்கர் தரையில் விழுந்து கட்டில்வரை உருண்டது. எடுத்துப் பார்த்தாள். அதன் ரப்பர் வளையம் மென்று துப்பிய சூயிங்கம்போல் விரலில் ஒட்டியது.

கத்தியை எடுத்து அடுத்த பெட்டியைக் கிழித்தாள். கம்பளியின் மடிப்பெல்லாம் மஞ்சள். அடுத்தது. தட்டுகள் நன்றாக இருந்தன. அதற்கடுத்தது. கூடத்தில் படுத்திருந்த ஹனீன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தபோது அம்மா அட்டைகளுக்கு நடுவே முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். அலுவலகத்தில் செய்ததுபோலவே மூன்று குவியல் போட்டிருந்தாள்.

"இது வேணுமா?" என்று ஒரு மேசைவிளக்கைத் தூக்கிக் காட்டினாள்.

"வேணும்."

"இது?"

"வேண்டாம்."

"நல்லாப் பார்த்துச் சொல்லு. அப்புறம் அழக்கூடாது."

"நீ உன் கண்ணைத் துடைச்சுட்டு அடுத்ததைக் காட்டு."

கெட்டது குப்பைக்குப் போனது. நல்லதை யாருக்குக் கொடுப்பது என்பதில் பெரிய யோசனை வேண்டியிருக்கவில்லை. கீழ்வீட்டு உம்மு ஹாஸிமின் தங்கை மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். தகப்பன் இல்லாத பெண். ஆனால் நக்லா தட்டுகளை அப்படியே கொடுக்கவில்லை. கடைத்தெருவுக்கு ஓடி, புதுப் பெட்டிகள் வாங்கி வந்து, புது நாடா ஒட்டினாள். "பிரிச்சதுன்னு அந்தப் பொண்ணை யாரும் சொல்லிடக்கூடாது."

சனிக்கிழமை வண்டி வந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாகப் படியிறங்கின. இப்படியாகும் என்று நக்லா நினைக்கவே இல்லை. மூன்றாவது பெட்டி தெருவுக்கு வந்ததுமே எதிர்மாடத்தில் ஒருத்தி குலவையிட்டாள். அடுத்த மாடம் பிடித்துக்கொண்டது. வண்டிக்காரன் பழக்கத்தில் ஹாரனை அடித்தான். கண்ணேறு படாமலிருக்க யாரோ மேலிருந்து உப்பு தூவினார்கள். "ஹனீனுக்குப் பேசி முடிச்சாச்சு!" என்று ஒரு குரல்.

எதிர்வீட்டு மாடத்தில் சமியா வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"பொண்ணுக்கு நிச்சயம் பண்ணி சீரும் அனுப்பறீங்க. சொந்த அத்தைக்குச் சொல்லத் தோணல. மாப்பிள்ளை யாரு, நக்லா? நாங்க பார்க்கக்கூடாத ஆளா?"

எல்லா மாடங்களும் நக்லாவை எட்டிப் பார்த்தன. ஒரு ஆமாம் போட்டிருந்தால், அன்றைக்கு மட்டுமாவது, இந்தத் தெருவின் பெரிய சீர் அவள் மகளுடையதாக இருந்திருக்கும். நக்லா கையிலிருந்த பெட்டியை வண்டியில் வைத்தாள். நாடா கொஞ்சம் தூக்கியிருந்தது, அழுத்திவிட்டாள்.

"கல்யாணம் இல்ல, சமியா. இதெல்லாம் வேற பொண்ணுக்குப் போகுது. எனக்கு உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு அறை வேணும்."

"அப்ப ஹனீனுக்கு?"

"ஹனீனுக்கு ஒரு விளக்கு இருக்கு. காப்பிக் கோப்பை இருக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

யாரோ சிரித்தார்கள். நக்லாவின் காது சுட்டது. ஆனாலும் அடுத்த பெட்டிக்காகத் திரும்பிப் படியேறினாள். முழங்கால் வலியை மறந்து, வழக்கத்தைவிட வேகமாக.

திரைச்சீலையையும் விரிப்பையும் அவள் கொடுக்கவில்லை. மாலையில் அவற்றை அறையில் போட்டாள். ரிஃபாத் வாசலில் நின்று பார்த்தார்.

"புதுப் பொண்ணு வீடு மாதிரி இருக்கு. மாப்பிள்ளை யாரு?"

"காப்பீட்டுக் கம்பெனி."

"நல்ல இடம். விட்டுடாத."

ஞாயிற்றுக்கிழமை நெவீன் கேட்பதற்கு முன்பே நக்லா கதவைச் சாத்திக் காட்டினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கெய்ரோவரை கேட்டது. "போதும் மேடம், இன்னிக்கே தொடங்கலாம்" என்றாள் நெவீன். முதல் அழைப்பு வருவதற்குள் நக்லா நாற்காலியை இரண்டு தடவை நகர்த்தினாள், விரிப்பின் ஓரத்தை நீவினாள், கதவைத் திறந்து மறுபடி சாத்தினாள்.

மதியம் கதவு தட்டப்பட்டது. பக்கத்து ஊரான தல்காவில் கடை எரிந்துபோன ஒருவர் தொலைபேசியில் அழுதுகொண்டிருந்தார். நக்லா ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு கதவை விரலளவு திறந்தாள்.

"அம்மா, என் புத்தகம் உள்ள இருக்கு."

"அப்புறம் வா. வேலை நடக்குது."

"இது என் ரூம்."

"எனக்கும் தெரியும்" என்று கிசுகிசுத்துவிட்டு, புத்தகத்தை இடுக்கு வழியாக நீட்டிக் கதவைச் சாத்தினாள். "சொல்லுங்க ஐயா, கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றாள் தொலைபேசியில்.